கடிவாளத்தை இழுத்தால் வீரா ஏன் ஓடுகிறான்?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 31 வயது. பள்ளியில் படித்த காலத்திலிருந்து விட்டுவிட்டுக் குதிரை ஏறிவருகிறேன். சிங்கப்பூரின் கிராஞ்சி மைதானத்தில் ரேஸ் நின்ற பிறகு நானும் ஒரு தோழியும் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரு ரேஸ் குதிரையை எடுத்தோம். காயடித்த ஆண், ஏழு வயது. வீரா என்று கூப்பிடுகிறோம். லாயத்தில் பூனை மாதிரி இருக்கிறான். ஆனால் ஏறப்போனால் ஒரு நொடி நிற்பதில்லை. டிராட்டில் (துள்ளு நடையில்) கடிவாளத்தை இழுத்தால் வேகம் குறைவதற்குப் பதில் கூடுகிறது. வலது பக்க வட்டத்தில் கேன்டர் (அதைவிட வேகமான, நிதானப் பாய்ச்சல்) கேட்டால் இடது காலை முன்வைத்தே போகிறான். "இவன் வாய் மரத்துப்போச்சு, கடுமையான பிட் (வாய்க்குள் மாட்டும் கடிவாள இரும்பு) போடு" என்கிறார் லாயத்தில் ஒருவர். எனக்கு டிரஸ்ஸாஜ் (குறிப்பறிந்து அழகாக நடக்கவைக்கும் கலை), ஜம்பிங் இரண்டிலும் ஆசை. ஆறு மாதத்தில் ஒரு சின்னப் போட்டிக்காவது போக முடியுமா? ரேஸ் குதிரை ரேஸுக்கு மட்டும்தானா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வணக்கம். முதலில் அந்த பிட் விஷயத்தை முடித்துவிடுவோம், அதுதான் அவசரம். கடுமையான பிட் போடாதீர்கள். வீராவின் வாய் மரத்துப்போகவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறான்.

ரேஸில் குதிரைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஓட்டுபவர் அங்கவடியில் எழுந்து நின்று, கடிவாள வார்களைக் குறுக்கிப் பிடித்து, கழுத்தின் மேல் கையை ஊன்றிக்கொள்வார். குதிரை பிட்டின் மேல் சாய்ந்து, அந்தப் பிடியைத் துணையாக வைத்துக்கொண்டு ஓடும். வார் இறுகினால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓட்டம் முடிந்து கோட்டைத் தாண்டியதும் ஜாக்கி கையைத் தளர்த்துவார். வார் தொய்ந்தால் முடிந்தது, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் படித்த பாடம் இது. நீங்கள் டிராட்டில் பயந்துபோய் இழுக்கிறீர்கள், "இன்னும் வேகமாகவா? சரி" என்று அவன் போகிறான். கடுமையான பிட்டால் அந்த அர்த்தம் மாறாது. வாயில் வலிதான் கூடும். வலி வந்தால் ஓடுவதுதான் குதிரையின் பிறவிக்குணம்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம். சோம்பேறியைத் திட்டுவதற்கு அதைச் சொல்வார்கள். புக்கிட் தீமா ரேஸ் கோர்ஸில் சைஸாக (குதிரைப் பராமரிப்பாளராக) வேலை பார்த்த என் அப்பா இதைக் கேட்டால் கோபப்படுவார். வாயை மூடுகிற குதிரைக்குப் பல்லைப் பார்க்க வேண்டும் என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் குதிரை ஏறக் கற்றுக்கொடுத்துவருகிறேன், இன்றைக்கும் நான் தொடங்குவது அங்கிருந்துதான்.

ஆகவே பயிற்சிக்கு முன்னால் மருத்துவர். நான் கால்நடை மருத்துவன் இல்லை. ஆனால் எதையெல்லாம் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

வாய்: பின்பற்களின் ஓரம் கூர்மையாகி கன்னத்தைக் கிழித்திருக்கலாம், பிட் படும் இடத்தில் ஓநாய்ப்பல் என்ற சின்னப் பல் இருக்கலாம். ரேஸில் சில குதிரைகளை நாக்கைத் துணியால் கட்டி ஓட்டுவார்கள். வீராவுக்கு அப்படிச் செய்திருந்தால் நாக்கின் மேல் எது பட்டாலும் பதறுவான். பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வயிறு: ரேஸ் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கும். குதிரையின் வயிற்றில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். தானியம் அதிகம், வைக்கோலும் புல்லும் குறைவு என்று வளர்ந்த குதிரைக்கு வேறென்ன ஆகும்? சேண வாரை இறுக்கும்போது காதை மடக்குவது, கடிக்க வருவது, காலால் விலாவை அழுத்தினால் வாலை அடிப்பது, இதெல்லாம் சொல்லும் சேதி இதுவாக இருக்கலாம். உள்நோக்கிக் கருவியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒமெப்ரசோல் மருந்து பொதுவாக நான்கு வாரம் கொடுப்பார்கள். கூடவே தீனியை மாற்றாவிட்டால் புண் திரும்ப வரும். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழரையிலிருந்து பத்து கிலோ வரை காய்ந்த புல் வேண்டும். இங்கே ஒவ்வொரு கட்டும் கப்பலில் வருவது, விலை சுடும் என்று எனக்குத் தெரியும். எங்கே சிக்கனம் பிடித்தாலும் அதில் பிடிக்காதீர்கள். ஏறுவதற்கு முன் இரண்டு கைப்பிடி புல்லைத் தின்னக் கொடுங்கள். வெறும் வயிற்றில் ஓடினால் அமிலம் தெறித்து மேல்பகுதியில் படும், புல் இருந்தால் அவ்வளவு படாது.

முதுகு: ரேஸில் ஓடும் இந்தத் தரோபிரெட் இனத்தில் முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசும் கோளாறு அதிகம். எக்ஸ்ரேயில் தெரியும். முன்னங்கால் தசைநாரை ஸ்கேன் பண்ணுங்கள், முழங்கால், கணுக்கால் மூட்டுகளில் எலும்புச் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். ஜம்பிங் ஆசை இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு தாண்டலிலும் இறங்கும் கனத்தை முதலில் வாங்குவது அந்த முன்னங்கால்தான். குளம்பையும் விட்டுவிடாதீர்கள். ரேஸில் இலேசான அலுமினிய லாடம் போட்டு, முனை நீண்டு, குதிகால் தாழ்ந்து இருக்கும் குளம்பைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர லாடம் அடிப்பவருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். நம் மழைக்கும் ஈரத்துக்கும் குளம்பின் அடி அழுகுவது வெகு சுலபம். தினமும் சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வெயில். இந்த ஊரில் குதிரை வைத்திருப்பவர்கள் மறக்கக்கூடாத ஒரு வியாதி இருக்கிறது: வேர்வை நின்றுபோவது. வெப்பநாடுகளுக்குக் கொண்டுவந்த குதிரைகளில் வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே கவனித்த நோய் இது. வேலை செய்து முடித்த பிறகும் உடம்பு காய்ந்திருக்கும், பிடரிக்கு அடியில் மட்டும் ஈரம் தெரியும், மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு இரைத்துக்கொண்டே இருக்கும். இப்படிக் கண்டால் அன்றைக்கு வேலையை நிறுத்தி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். நன்றாக வேர்க்கும் குதிரைக்கு உப்பு வேண்டும்; வேலையில்லாத நாளிலேயே 25, 30 கிராம் தேவைப்படும், வேர்த்த நாளில் அதற்கும் மேல். சூடாக இருக்கும் குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்காகச் செய்த ஆராய்ச்சிகளுக்குப் பிறகு அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. உடம்பு முழுக்க, நிறுத்தாமல், குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். காலை ஒன்பதுக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின் ஏறுங்கள்.

மருத்துவர் சரி என்றால் பயிற்சிக்கு வருவோம்.

ஏறும்போது நிற்காத சங்கதியை எல்லாரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் பாடம். ரேஸில் ஏறுபலகையே கிடையாது. சைஸ் குதிரையை நடத்திக்கொண்டே வருவார், ஜாக்கியின் காலைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிவிடுவார், குதிரை நடந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்தில் உயரத்தில் ஒரு ஆள் நிற்பதை வீரா இதுவரை பார்த்திருக்கவே மாட்டான். அரைக் கிலோகூட இல்லாத சேணங்கள் உண்டு அங்கே. உங்கள் சேணம் அதைப்போல எத்தனையோ மடங்கு கனம், அதில் நீங்கள் முழுசாக உட்காரவும் செய்கிறீர்கள். அந்த முதுகில் யாரும் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

அதனால் ஒரு வாரத்துக்கு ஏறாதீர்கள். ஏறுபலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள், நின்றால் கழுத்தில் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்ப நடத்துங்கள். நகர்ந்தால் திட்ட வேண்டாம், ஒரு சுற்று சுற்றி மறுபடியும் அதே இடம். அப்புறம் பலகைமேல் நில்லுங்கள். சேணத்தைத் தட்டுங்கள். வயிற்றைக் குறுக்கே சாய்த்துப் பாருங்கள். ஒருநாள் ஏறி, பத்து எண்ணி, இறங்கிவிடுங்கள். அன்றைய பாடம் அவ்வளவுதான். ஏறியதும் நகர வேண்டியதில்லை என்று புரிந்த குதிரை, மற்ற எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்கும். உங்கள் தோழியும் இதே முறையைத்தான் செய்ய வேண்டும். ஒருவர் நிற்கச் சொல்லி, இன்னொருவர் ஓடஓட ஏறினால் அவனுக்கு எது சரி என்று எப்படித் தெரியும்?

இப்போது உங்கள் பெரிய கேள்வி, வேகம். வார் இறுகினால் ஓடு என்பதை அழித்துவிட்டு, வார் மெல்லத் தொட்டால் காத்திரு என்று எழுத வேண்டும். ஸ்னாஃபிள் என்ற சாதாரண, மென்மையான பிட் போதும், அவன் வாய்க்குப் பொருந்தும் அளவில். நடையிலேயே தொடங்குங்கள். வார் தொய்வாக இருக்கட்டும். மூச்சை வெளியே விட்டு, இடுப்பை நிறுத்தி, "ஓ..." என்று குரல் கொடுங்கள். கடைசியில்தான் விரல்களை மூடுவது. நின்ற அந்த நொடியில் விரலைத் திறந்துவிட வேண்டும். இழுத்துக்கொண்டே இருந்தால் சாய்ந்துகொள்ள அவனுக்கு ஒரு தூண் கிடைத்துவிடும். மூடு, திற, மூடு, திற. ஹாஃப் ஹால்ட் என்று எல்லாரும் பெரிதாகப் பேசுவதன் ஆரம்பமும் இதுதான். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், கையை அசைக்காமல் மூச்சுக்கே நிற்பான். அதைக் காணும் நாள் உங்களுக்கு மறக்காது. எனக்கு ஒவ்வொரு குதிரையிடமும் மறக்கவில்லை.

டிராட்டில் வேகம் ஏறினால் வாரை நாடாமல் வட்டத்தை நாடுங்கள். 20 மீட்டர் வட்டம், வேகம் கூடினால் பதினெட்டாக்குங்கள், வேகம் தணிந்ததும் விரித்துவிடுங்கள். அதற்கும் சின்ன வட்டம் வேண்டாம், மூட்டுக்கு ஆகாது. உங்கள் உடம்பு அவனுடைய தாளத்துக்குப் போகாமல், நீங்கள் விரும்பும் மெதுவான தாளத்தில் எழுந்து உட்காரட்டும். நாலைந்து அடிக்கு ஒருமுறை நடைக்கு வாருங்கள், மறுபடி டிராட். இதில் கால் பிரச்சினை ஒன்று வரும். ஜாக்கியின் கால் உயரத்தில் மடங்கியிருக்கும், விலாவை அணைத்துக்கொண்டு தொங்காது. உங்கள் கால் பட்டாலே சிலிர்ப்பான். அதற்காகக் காலை விலக்கி வைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. ஈரத்துணியைப் போட்டதுபோல இலேசாக, விடாமல் படட்டும். சில நாளில் பழகிவிடுவான்.

வலது கேன்டர் விஷயத்தில் அவனுக்காக நான் வாதாட வேண்டியிருக்கிறது. கிராஞ்சியில் ஓட்டம் இடப்பக்கமாகத்தான் சுற்றியது. வளைவில் இடது கால் முன்னே, நேர்ப்பாதையில் வலது காலுக்கு மாற்றுவார்கள். ஆக, வலது கால் அவனுக்குத் தெரியாததல்ல. வலது பக்கம் வளைந்துகொண்டு வலது காலில் போவதுதான் தெரியாது. அதற்கான தசை இன்னும் வளரவில்லை. கேன்டரை ஒரு மாதம் ஒதுக்கிவைத்து, வலது பக்க வட்டத்தில் நடையும் டிராட்டும், உள்பக்கம் பார்க்கவைத்து, பின்காலை ஒரு அடி குறுக்கே வைக்கச் சொல்லும் பயிற்சியும் செய்யுங்கள். பிறகு மூலையில் திரும்பும் இடத்தில் கேளுங்கள். தரையில் ஒரு கம்பத்தைக் கிடத்தி, அதைத் தாண்டும் நொடியில் கேட்டால் பல குதிரைகள் சரியான காலில் இறங்கும். தப்பான காலில் போனால் தண்டனை வேண்டாம், அமைதியாக டிராட்டுக்கு வந்து மறுபடி. சரியான காலில் ஆறு அடி வைத்தாலும் நிறுத்திப் பாராட்டுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முன்னால் ஒரு கால், பின்னால் வேறு கால் என்று அடிக்கடி குழம்பினால் இடுப்பு மூட்டில் வலி இருக்கலாம். அது மருத்துவரின் வேலை.

நீளக் கயிற்றில் சுற்றவிடுவதையும் எழுதிக் கேட்பீர்கள். நல்லதுதான், பதினைந்து நிமிடம், இரண்டு பக்கமும். தலையை இழுத்துக் கட்டும் பக்கவார்களை முதல் சில மாதம் தொடாதீர்கள். அவன் தானாகவே கழுத்தை நீட்டி, மூக்கைக் கீழே கொண்டுவந்து, முதுகை உயர்த்தி நடக்க வேண்டும். டிரஸ்ஸாஜ் என்றதும் தலை வளைந்த படம்தான் உங்கள் மனதில் இருக்கும். அது கடைசியில் வருவது. ஜெர்மானியர்கள் வகுத்த பயிற்சிப் படிகளில் முதலாவது தாளம், பிறகு தளர்வு, பிறகு வாரில் மென்மையான தொடர்பு, பிறகு உந்துதல், பிறகு கோணாமல் நேராகப் போவது, எல்லாவற்றுக்கும் பின்தான் கனத்தைப் பின்னங்கால்களுக்குக் கொண்டுபோய் உடலைக் கூட்டிச் சுமப்பது. வீரா இப்போது நிற்பது முதல் இரண்டு படிகளில். அதில் ஒரு வருஷம் நின்றாலும் வெட்கமில்லை.

ஜம்பிங்கை அவசரப்படாமல் கொண்டுவருவோம். டிராட்டில் வார் தொய்வாக ஒரு சுற்று வரத் தெரிந்த பிறகு தரைக்கம்பம். முதலில் ஒன்று, அப்புறம் 1.3 மீட்டர் இடைவெளியில் மூன்று. உங்கள் குதிரையின் நடைக்குத் தகுந்தபடி கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் குதிரைகள் கம்பத்தைக் கண்டால் பாய்ந்து கடக்கப் பார்க்கும், ஏனென்றால் முன்னால் இருப்பதைச் சீக்கிரம் பின்னால் தள்ளுவதுதான் அவற்றின் தொழிலாக இருந்தது. கம்பத்துக்கு முன்னால் இழுக்காதீர்கள், மறுபடியும் அதே பழைய அர்த்தம் வந்துவிடும். கம்பத்தை வட்டத்தின் மேல் வையுங்கள், நேர்க்கோட்டில் வேண்டாம். கடந்ததும் நடைக்கு வந்து, தட்டிக்கொடுத்து, ஒரு நிமிடம் சும்மா நடக்கவிடுங்கள். பிறகு குறுக்கே கட்டிய சின்னத் தடை, டிராட்டிலேயே, அதற்கு இரண்டரை மீட்டர் முன்னால் ஒரு தரைக்கம்பம். எங்கே காலூன்றி எழ வேண்டும் என்று அந்தக் கம்பமே சொல்லிக்கொடுத்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள், பத்துப் பன்னிரண்டு தாண்டலுக்கு மேல் வேண்டாம். மழை பெய்து தரை சேறாக இருந்தால் அன்றைக்கு இல்லவே இல்லை.

திறந்த புல்வெளியில், பக்கத்தில் இன்னொரு குதிரை வந்தால் அவனுக்குப் பழைய ஞாபகம் வரும். அமைதியான ஒரு வயதான குதிரையோடு அருகருகே நடத்திப் பழக்குங்கள், நடை மட்டும். மற்றது முன்னே போய்த் திரும்பி வரட்டும், பிறகு வீரா முன்னே போகட்டும். போட்டியின் சலசலப்புக்கும் இதுவே ஒத்திகை.

ஆறு மாதம் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசி ரேஸ் நடந்தது. அதுவரை ஓடிய உடம்பு, அதிலிருந்து இறங்கி அமைதியாவதற்கே இரண்டு மூன்று மாதம் வேண்டும். அந்த ஓய்வு அவனுக்குக் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கிடைக்காமலே வேலையைத் தொடங்கியிருந்தால் இப்போது கொடுங்கள்: தினமும் வெளியே மேயவிடுவது, கையில் பிடித்து நடப்பது, தேய்த்துவிடுவது. அதற்குப்பின் ஆறு மாதத்தில், நடையும் டிராட்டும் மட்டும் உள்ள டிரஸ்ஸாஜ் சோதனைக்குப் போகலாம். 60 சென்டிமீட்டர் ஜம்பிங்குக்கு ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் போட்டிக்குக் கொண்டுபோனாலும் உள்ளே இறங்காமல், ஓரமாகப் புல் தின்னவைத்துத் திரும்பக் கூட்டிவாருங்கள்.

ரேஸ் குதிரை ரேஸுக்கு மட்டும்தானா என்று கேட்டதுதான் என் மனதில் நின்றது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் ஜம்பிங் தங்கம், தனிநபர் பிரிவிலும் குழுவிலும், டச் ஆஃப் கிளாஸ் என்ற பெண் குதிரைக்குக் கிடைத்தது. அமெரிக்க வீரர் ஜோ ஃபார்கிஸ் ஏறினார். ரேஸில் ஓடிப் பெயரெடுக்காமல் வந்தவள் அவள். அந்த ஒலிம்பிக்ஸில் 91 தடைகளில் 90ஐத் தட்டாமல் தாண்டினாள். வீரா ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டாம். ஆனால் ஓட மட்டுமே பிறந்தவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த இனத்துக்கு இருக்கும் கூர்மை, மூச்சு, ஒரு முறை புரிந்தால் மறக்காத மூளை இதெல்லாம் டிரஸ்ஸாஜுக்கும் சொத்துதான்.

இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். பல் பார்க்க நாள் குறியுங்கள். அவன் வலது, இடது தோளில் இருக்கும் முத்திரைகளைப் படம் எடுங்கள். இங்கே ஓடிய குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்தவை, ஆஸ்திரேலியக் குதிரையாக இருந்தால் வலது தோளில் மேலும் கீழுமாக இரண்டு எண் இருக்கும், கீழே உள்ளது பிறந்த ஆண்டின் கடைசி எண். ஏழு வயது என்று சொன்னது சரிதானா என்று பார்த்துவிடலாம். மூன்றாவது, ஏறுபலகைக்குப் பக்கத்தில் அவனோடு பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று மறுபடி எழுதுங்கள், முதுகு எக்ஸ்ரேயின் முடிவையும் சேர்த்து. வலது கேன்டரை எப்போது தொடங்கலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.